வாலிபர்களும் பலாத்காரமும்: வேர் எங்கே இருக்கிறது?

(மில் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் நடைபெற்ற வாலிபர், மாதர் கூட்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்திற்கு இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தபோது, "இதையெல்லாம் மேடையில் பேசலாமா? பெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடமாயிற்றே!" என்று நம் மூத்த தோழர்கள் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. ஆனால் பெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இதைப் பேச வேண்டும். அவர்கள் தலையில்தானே இது வந்து விடிகிறது? ஊரில் ஒரு அக்கிரமம் நடந்துவிட்டால் டீக்கடையில் பேசுகிறோம், பஸ்ஸில் பேசுகிறோம், "அவனைத் தூக்கில் போடு" என்கிறோம். பத்து நாளில் மறந்தும் விடுகிறோம். மேடைக்கு வந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறது.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகள் வெகுகாலம் 'கற்பழிப்பு' என்று எழுதி வந்தன. இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். ஆனால் அழிந்து போனது மட்டும் பெண்ணுடையதாம்! வீட்டில் திருட்டுப் போனால், திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து "உன் மானம் போயிற்று" என்று யாராவது சொல்கிறார்களா? இங்கே மட்டும் சொல்கிறோம். ஆகவே நான் பலாத்காரம் என்றே சொல்லப் போகிறேன். அதிலும், புதரில் மறைந்திருந்து பாய்கிற முன்பின் தெரியாத ஆளை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மனமில்லாத பெண்ணைத் தொடுவது, மிரட்டி இணங்க வைப்பது, மது கொடுத்து மயக்குவது, படம் எடுத்து வைத்துக்கொண்டு பணிய வைப்பது, கட்டிய மனைவியே ஆனாலும் வேண்டாம் என்ற பிறகு வற்புறுத்துவது, இவையெல்லாம் இதில் அடக்கம்.

யார் இதைச் செய்கிறான்? ஏன் செய்கிறான்? இதற்கு நம் ஊரில் மூன்று தயார் பதில்கள் இருக்கின்றன. அவன் மனிதனே அல்ல, ராட்சசன் என்பது ஒன்று. குடிசைப் பகுதிப் பையன்கள் அப்படித்தான் என்பது இன்னொன்று. பெண் ஒழுங்காக இருந்தால் ஏன் நடக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் சௌகரியமான பதில்கள். எப்படியென்றால், மூன்றும் நம் வீட்டுப் பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஞ்ஞானிகள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். காசநோயை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமி நம்மில் எத்தனையோ பேர் உடம்பில் புகுந்து சும்மா கிடக்கிறது. எல்லோருக்கும் நோய் வருகிறதா? இல்லை. பட்டினி, காற்றில்லாத வீடு, ஓய்வில்லாத உழைப்பு இவை சேருகிற இடத்தில்தான் இருமல் ஆரம்பிக்கிறது. அதே போல, ஒரு பையன் பலாத்காரத்தில் இறங்குவதற்கு எந்தெந்த அம்சங்கள் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். காசநோய்க்காரன் யாருக்கும் குற்றம் செய்தவனல்ல. பலாத்காரம் செய்தவன் குற்றவாளிதான். காரணத்தைத் தேடுவது அவனுக்குச் சாக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக அல்ல. அடுத்தவன் அப்படி ஆகாமல் தடுப்பதற்காக.

குடிசைப் பகுதி என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் மேரி காஸ் என்ற மனநூல் ஆராய்ச்சியாளர் 32 கல்லூரிகளில் 6,159 மாணவ மாணவிகளிடம் விசாரித்து, 1987ல் முடிவை வெளியிட்டார். 14 வயதுக்குப் பிறகு பலாத்காரத்துக்கோ அதன் முயற்சிக்கோ ஆளானதாகச் சொன்ன மாணவிகள் நூற்றுக்கு 27 பேருக்கு மேல். சட்டப்படி பலாத்காரம் அல்லது அதன் முயற்சி என்று சொல்லத்தக்க காரியத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்ட மாணவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். இவர்கள் சேரிப் பையன்களா? இல்லை, காரில் கல்லூரிக்கு வருகிறவர்களும் இவர்களில் உண்டு. இதைவிடக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் பலாத்காரம் செய்ததாக நினைக்கவே இல்லை! என்ன செய்தாய் என்று விவரமாகக் கேட்டால் ஒப்புக்கொள்கிறான். அதன் பெயரைச் சொன்னால் "நானா? இல்லவே இல்லை" என்கிறான்.

இந்த மாணவர்களின் பதில்களை வைத்துத்தான் நீல் மாலமுத் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1991ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இரண்டு ஆறுகள் சங்கமம் ஆவதைப் போல இரண்டு போக்குகள் ஒருவனிடத்தில் கூடும்போது ஆபத்து அதிகமாகிறது என்றார்கள். ஒன்று, பெண் என்றாலே சந்தேகம், வன்மம், அவளை அடக்கி வைத்தால்தான் தான் ஆண்பிள்ளை என்ற எண்ணம். மற்றது, அன்போ ஒட்டுதலோ இல்லாமல், எத்தனை பேரை மடக்கினேன் என்று எண்ணிக்கை பார்க்கிற மனப்பான்மை. இரண்டும் கூடிய இடத்தில்தான் வெள்ளம்.

இப்போது வேறொரு நாட்டுக்குப் போவோம். நமக்கு அது பல விதத்தில் பக்கத்து வீடு மாதிரி.

தென் ஆப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப், குவாசுலு நட்டால் என்று இரண்டு மாகாணங்கள். அங்கே மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலைச் சேர்ந்த ரேச்சல் ஜூக்ஸும் அவருடைய குழுவினரும் 1,738 ஆண்களிடம் விசாரித்தார்கள். 2009ல் வெளிவந்த முடிவைப் பார்த்து உலகமே திடுக்கிட்டது. நூற்றுக்கு 27.6 பேர் ஒரு பெண்ணையோ சிறுமியையோ பலாத்காரம் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முதல் தடவை அதைச் செய்தபோது அவர்களுக்கு 20 வயது நிரம்பவில்லை. அதாவது, இது முதிர்ந்த அயோக்கியர்களின் தொழில் அல்ல. மீசை முளைக்கிற வயதிலேயே ஆரம்பமாகிவிடுகிற காரியம்.

இதைக் கேட்டதும் "கறுப்பர்களின் கலாசாரம்" என்று சொல்லிவிடச் சிலருக்குத் தோன்றலாம். கலாசாரமா? அந்த நாட்டின் சரித்திரத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். 1913ல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்து, மக்களில் பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கை ஒதுக்கினார்கள். மீதி நிலத்தில் அவர்கள் நிலம் வாங்கக் கூடாது. கிராமத்தில் பிழைக்க வழியில்லாத ஆண்பிள்ளை தங்கச் சுரங்கத்துக்குப் போனான். மனைவி மக்களை உடன் அழைத்துப் போக அனுமதி கிடையாது. ஆண்களை மட்டும் அடைத்து வைக்கும் விடுதிகளில் வருஷத்தில் பெரும்பகுதியைக் கழித்தான். 'பாஸ்' என்ற அனுமதிச் சீட்டு கையில் இல்லாவிட்டால் ஜெயில். அந்தச் சட்டம் 1986 வரை உயிரோடு இருந்தது. தகப்பனை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளைகள், போலீஸ் தடியடி நடக்காத நாளே இல்லாத தெருக்கள், தெருவுக்கு ஒரு ரவுடிக் கூட்டம், இப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தார்கள். நிறவெறி ஆட்சி 1994ல் ஒழிந்தது. ஆனால் அது வளர்த்துவிட்ட பழக்கங்கள் ஓட்டுப் பெட்டியோடு போய்விடவில்லை.

சரி, அப்படியானால் வறுமைதான் காரணம் என்று முடித்துவிடலாமா? நம்மில் பலர் அப்படி முடிக்க ஆசைப்படுவோம். அதுவும் சரியல்ல. அடிமட்டத்து ஏழைகள் மட்டும்தான் இதைச் செய்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஒரே தெருவில், ஒரே பட்டினியில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவன் செய்தான், ஒருவன் செய்யவில்லை. வித்தியாசம் எங்கே இருந்தது? சின்ன வயதில் அடியும் அவமானமும் பட்டவர்கள், தாங்களே மற்ற ஆண்களால் கெடுக்கப்பட்டவர்கள், பெண் தனக்குக் கீழ்ப்பட்டவள் என்று அழுத்தமாக நம்புகிறவர்கள், பல பெண்களைத் தொடுவதே வீரம் என்று எண்ணுகிறவர்கள், இவர்களிடம்தான் ஆபத்து கூடியிருந்தது. வறுமை எண்ணெய் ஊற்றலாம். தீக்குச்சி வேறு இடத்திலிருந்து வருகிறது.

இதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் ஆதரவில் நம் பக்கத்திலும் வந்து பார்த்தார்கள். வங்காள தேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி, இலங்கை ஆகிய ஆறு நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் விசாரித்து 2013ல் வெளியிட்டார்கள். இந்தியா அதில் இல்லை. ஆனால் இலங்கையில் தமிழர்கள் பெருவாரியாக வாழும் மட்டக்களப்பும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த நுவரெலியாவும் இருந்தன. கேள்வித்தாளில் 'பலாத்காரம்' என்ற வார்த்தையே வராது. "உன் மனைவியோ காதலியோ அல்லாத ஒரு பெண்ணை அவள் இஷ்டத்துக்கு விரோதமாக உறவுக்குக் கட்டாயப்படுத்தியிருக்கிறாயா?" என்பது போலக் காரியத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, எதிரே ஆள் இல்லாமல், கையில் கொடுத்த ஒரு சிறு கருவியில் தானே பதிலைப் பதிந்துகொள்ள ஏற்பாடு. மனைவியைப் பலாத்காரம் செய்ததையும் சேர்த்தால் ஏறத்தாழ நாலில் ஒருவன் ஒப்புக்கொண்டான். மனைவி, காதலி அல்லாத பெண்களிடம் இதைச் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் தடவை செய்தது இருபது வயதுக்குள்.

எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருந்ததா? இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வங்காள தேசத்துக் கிராமங்களில், மனைவியல்லாத பெண்ணைப் பலாத்காரம் செய்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த புகன்வில் தீவில் நாலில் ஒருவர். அந்தத் தீவில் என்ன நடந்தது தெரியுமா? ரியோ டின்டோ கம்பெனியின் கிளை ஒன்று அங்கே பங்குனா என்ற இடத்தில் மலையைக் குடைந்து 1972 முதல் தாமிரம் தோண்டியது. ஆறு பாழாயிற்று, லாபம் வெளியே போயிற்று, ஜனங்கள் கிளர்ந்தார்கள். 1988லிருந்து பத்து வருஷ உள்நாட்டு யுத்தம். துப்பாக்கிச் சத்தத்தில் வளர்ந்த பையன்கள்தான் பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். ஆண்பிள்ளையின் ரத்தத்திலேயே இது ஊறியது என்றால் வங்காளக் கிராமத்தானுக்கும் புகன்வில்காரனுக்கும் இத்தனை வித்தியாசம் எப்படி வரும்? ரத்தம் ஒன்றுதானே! இயற்கையில் இல்லாததை வாழ்க்கைதான் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே வாழ்க்கையை மாற்றினால் இதையும் மாற்றலாம்.

"ஏன் செய்தாய்?" என்றும் கேட்டார்கள். இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் சொன்ன பதில்: "எனக்கு வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டேன்." அவள் சம்மதம் இருந்ததா இல்லையா என்பது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் "பொழுது போகவில்லை, வேடிக்கைக்காக" என்ற வகையிலும் பதில் சொன்னார்கள். "அவளைத் தண்டிப்பதற்காக" என்றவர்கள் அடுத்தபடி. "குடித்திருந்தேன்" என்ற பதில் இவற்றுக்கெல்லாம் கடைசியில்தான் வந்தது!

எனக்கு உரிமை உண்டு என்ற இந்த எண்ணம் எங்கே உற்பத்தியாகிறது? தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வீட்டு அடுக்களையில்தான். பையனுக்கு முட்டை, பெண்ணுக்குக் குழம்பு. அவன் சாப்பிட்ட தட்டை அவன் எடுக்கமாட்டான். தங்கை எடுக்க வேண்டும். அவன் சட்டையைத் தங்கை துவைக்க வேண்டும். அவன் இரவு பத்து மணிக்கு வந்தால் "பாவம், பசியோடு வந்திருக்கிறான்", அவள் ஆறு மணிக்கு வந்தால் "எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்?" தகப்பன் தாயைக் கைநீட்டி அடிக்கிறான், ஒருவரும் கேட்பதில்லை. பத்து வயதில் இந்தப் பையன் என்ன படிக்கிறான்? பெண் என்பவள் எனக்குச் செய்ய வேண்டியவள், நான் கேட்டால் கொடுக்க வேண்டியவள் என்று படிக்கிறான். பதினாறு வயதில் வேறொரு பெண் "முடியாது" என்றதும் அவனுக்கு உலகமே தலைகீழாகிவிட்டதுபோல இருக்கிறது. பிறகு கத்தியோ, ஆசிடோ, பலாத்காரமோ.

சினிமாவும் இதற்குக் கை கொடுக்கிறது. வேண்டாம் என்கிற பெண்ணைத் துரத்தித் துரத்திப் பாட்டுப் பாடுகிறவன்தான் கதாநாயகன். நாலாவது பாட்டில் அவள் சிரித்துவிடுகிறாள். "வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம்" என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் பள்ளிக்கூடமும் நடத்த முடியாது.

(இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது.)

ஒரு நண்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "பெண்கள் உடுத்துகிற உடைக்கும் இதில் பங்கில்லையா?" நல்லது, கேட்டதற்கு நன்றி, பல பேர் மனதில் இருக்கிற கேள்வி. நம் நாட்டில் வருஷா வருஷம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். பதிவான வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் குற்றவாளி: உறவுக்காரன், அண்டை வீட்டான், சிநேகிதன், வேலை கொடுத்தவன். தெருவில் போகிற உடையைப் பார்த்து மயங்கி வந்தவர்கள் எத்தனை பேர்? பச்சைக் குழந்தைகளும், பாட்டிமார்களும் இதற்குப் பலியாகிறார்களே, அவர்கள் எந்த உடை உடுத்தினார்கள்? 1992ல் தருமபுரி ஜில்லா வாச்சாத்தியில், சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று புகுந்த சர்க்கார் சிப்பந்திகள் 18 மலைஜாதிப் பெண்களைச் சீரழித்தார்களே, உடையைப் பார்த்தா செய்தார்கள்? கேட்க நாதியில்லாத ஜனங்கள் என்று நினைத்துச் செய்தார்கள். 2011ல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல 19 வருஷம் ஆயிற்று. கேட்பார் இல்லை என்ற நம்பிக்கைதான், நண்பரே, மிகப் பெரிய தைரியம். இலங்கை ஆய்வில் பலாத்காரம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் எந்தச் சட்ட நடவடிக்கையையும் சந்திக்கவில்லை.

அடுத்து, கூட்டாளிகள். தனியாக இருக்கும்போது கூச்சப்படுகிற பையன் நாலு பேரோடு சேர்ந்தால் வேறு ஆளாகிவிடுகிறான். நண்பர்கள் இதை ஆதரிக்கிறார்கள், மெச்சுகிறார்கள் என்ற எண்ணம் இருக்கிறதே, அது ஆய்வுக்கு ஆய்வு தவறாமல் வருகிற ஆபத்து அம்சம். பொள்ளாச்சியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வாலிபர்கள் கூட்டாகச் சேர்ந்து பெண்களைப் பழக்கம் பிடித்து, படம் எடுத்து மிரட்டிச் செய்த அக்கிரமம் 2019ல் வெளியே வந்தது. 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஒன்பது பேர்! அந்த ஒன்பதில் ஒருவன் முதல் நாளே "இது வேண்டாமடா" என்று சொல்லியிருந்தால்? வாட்ஸப் குழுவில் ஒருவன் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டதும் இருபது பேர் சிரிப்பு பொம்மை போடுகிறீர்களே, அந்த இருபது பேரும் அவனுக்கு முதுகில் தட்டிக்கொடுக்கிறீர்கள்.

வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்களைப் பற்றி ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். சிறு வயதில் கெடுக்கப்பட்ட பையன் பெரியவனானதும் மற்றவர்களைக் கெடுப்பான் என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பேச்சு எத்தனை பிள்ளைகளை வாய்திறக்க விடாமல் செய்திருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் காத்தி விடம் என்பவர், 1967 முதல் 1971 வரை கோர்ட்டுக்கு வந்த வழக்குகளில் கொடுமைக்கு ஆளான குழந்தைகளையும், ஆளாகாத குழந்தைகளையும் வெகுகாலம் பின்தொடர்ந்து பார்த்தார். 2015ல் வந்த முடிவு என்ன? அடி உதைபட்ட குழந்தைகளும், கவனிப்பாரற்றுக் கிடந்த குழந்தைகளும்தான் பின்னால் பாலியல் குற்றத்துக்குக் கைதாகும் ஆபத்து சற்று அதிகம் உள்ளவர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் அப்படித் தெளிவாக நிரூபணமாகவில்லை. எந்த வகையிலும் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாமல்தான் வாழ்கிறார்கள். ஆகவே, பிள்ளையைப் பெல்ட்டால் அடிக்கிற தகப்பன்மாரே, ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

குடியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். அமெரிக்க ஆய்வுகளில் ஏறத்தாழ பாதிச் சம்பவங்களில் ஒரு பக்கத்திலாவது மது இருக்கிறது. மது இல்லாத எண்ணத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதை அவிழ்த்துவிடுகிறது. பெண்ணின் மேல் வன்மம் இல்லாதவன் குடித்தால் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்குகிறான். ஆனால் 2003 முதல் சில்லறை மதுக்கடையைத் தானே நடத்திவரும் நம் சர்க்கார், ஒரு கையில் பாட்டிலையும் மறு கையில் பெண்கள் பாதுகாப்பு விளம்பரத்தையும் வைத்துக்கொண்டு நிற்கிற காட்சியை என்ன சொல்வது!

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். ஆபாசப் படம் பார்த்தவன் எல்லாம் பலாத்காரம் செய்வான் என்றால் நாட்டில் ஒருவரும் நடமாட முடியாது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. மிஷேல் இபாரா என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுள்ள சுமார் 1,600 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2011ல் எழுதினார்கள். வன்முறை கலந்த ஆபாசத்தைத் தேடிப் பார்த்த பிள்ளைகளிடம், தாங்களே சொல்லிக்கொண்ட பாலியல் பலாத்கார நடத்தை ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகத் தெரிந்தது. வன்முறை கலவாததில் அப்படி உறுதியான தொடர்பு தென்படவில்லை. பார்த்ததால் செய்தானா, செய்யும் மனம் உள்ளவன் அதைத் தேடிப் பார்த்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது இது: பள்ளிக்கூடமும் வீடும் வாயை மூடிக்கொண்டால், பிள்ளைக்கு வாத்தியார் அந்தப் படம்தான். பெண் அழுவதையும் அடிபடுவதையும் இன்பம் என்று காட்டுகிற வாத்தியார்!

அதே இபாரா 2013ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். 14 முதல் 21 வயதுள்ள 1,058 பேரில் நூற்றுக்கு ஒன்பது பேர் ஏதாவதொரு வகைப் பாலியல் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள். முதல் தடவை செய்ததாக அதிகம் பேர் சொன்ன வயது 16. பலியானவர்களில் பெரும்பாலோர் யார்? அவர்களுடைய காதலர்கள்தான். செய்தவர்களில் பாதிப் பேர் "தப்பு அவள்மேல்தான்" என்றார்கள். பிடிபட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பதினாறு வயது, காதல், பழியை அவள்மேல் போடுதல்: மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நாம் பிள்ளைகளோடு பேச ஆரம்பிக்க வேண்டியது பதினெட்டில் அல்ல, பன்னிரண்டில்.

சட்டம் என்ன செய்கிறது? 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமையில் குற்றவாளிகள் ஆறு பேரில் ஒருவனுக்கு 18 வயது நிரம்பச் சில மாதங்கள் இருந்தன. நாடே கொதித்தது. நீதிபதி வர்மா கமிட்டி 29 நாளில் ஆராய்ந்து 2013 ஜனவரி 23ந் தேதி அறிக்கை கொடுத்தது. சிறுவர் வயதைக் குறைக்க வேண்டாம், தூக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லிற்று. அதோடு, மனைவியைப் பலாத்காரம் செய்வதையும் குற்றமாக்கு என்றது. சர்க்கார் என்ன செய்தது? 2015ல் சட்டத்தை மாற்றி, கொடிய குற்றம் செய்த 16 வயதுப் பையனையும் பெரியவனாக விசாரிக்க வழி செய்தது. மனைவி விஷயத்தில் மட்டும் அசையவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையும், கணவனுக்குக் கொடுத்த விலக்கைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்தது. பதினாறு வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பலாம், ஆனால் கணவனின் 'உரிமை'யில் கை வைக்கக் கூடாது! நான் சற்று முன் சொன்ன அந்த "எனக்கு உரிமை உண்டு" என்ற எண்ணத்துக்குச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாலியல் குற்றம் செய்த சிறுவன் திருந்தவே மாட்டான் என்ற எண்ணமும் உண்மைக்குப் பொருந்தவில்லை. பிடிபட்ட சிறுவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் சராசரி நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நியாயம் கிடைத்தே தீர வேண்டும். ஆனால் பையனைப் பெரிய கேடிகளோடு அடைத்துவிட்டு, திரும்பி வரும்போது சாதுவாக வருவான் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமையா?

எது பலன் தருகிறது? மறுபடியும் ஈஸ்டர்ன் கேப்புக்குப் போவோம். 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' என்று ஒரு பயிற்சி. ஆற்றைக் கடக்கப் போட்ட படிக்கற்கள் என்று பொருள். அங்கே 70 இடங்களில் 15 முதல் 26 வயதுள்ள 2,776 வாலிபர்களையும் யுவதிகளையும் சேர்த்துச் சோதித்தார்கள். பாதி இடங்களில் மூன்று மணி நேரச் சொற்பொழிவு ஒன்றோடு சரி. இப்போது நான் செய்வதுபோல. மறு பாதியில் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக உட்கார்ந்து, மும்மூன்று மணி நேரமாகப் பதின்மூன்று அமர்வுகள். நடுவில் இரு சாராரும் கூடியும் பேசினார்கள். சொற்பொழிவு கிடையாது, நாடகம் ஆடிப் பார்ப்பது, வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வது, ஏன் என்று கேட்பது. இரண்டு வருஷம் கழித்து விசாரித்தபோது, நீண்ட பயிற்சி பெற்ற ஆண்களிடம் துணைவியைத் துன்புறுத்துவது குறைந்திருந்தது. முக்கிய நோக்கமாக வைத்த எய்ட்ஸ் கிருமித் தொற்று குறையவில்லை. அதையும் 2008ல் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மும்பையில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டே பையன்களிடம் இதைப் பேச வைத்த முயற்சி ஒன்று உண்டு. பெண்களைப் பற்றிய பையன்களின் மனப்போக்கில் மாற்றம் தெரிந்தது. கிரிக்கெட் கோச் சொன்னால் கேட்பான். அப்பா சொன்னால் கேட்கமாட்டான். நம் ஊர் கபடிக் குழுவுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு மணி நேரச் சொற்பொழிவால் காரியம் ஆகாது என்று நானே புள்ளிவிவரம் கொடுத்துவிட்டேன்! அதனால் மாதர் தோழர்களும் வாலிபர் தோழர்களும் கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பதின்மூன்று வாரம் காலை ஒன்பது மணிக்குப் பையன்கள் இந்தக் கூடத்திலும், பெண்கள் மாடியிலும் கூடுவார்கள். தகப்பன்மாருக்கு மாதம் ஒரு நாள் தனியாக. யாரிடமும் நடந்ததைச் சொல்லும்படி கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கு உதவிக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற நம்பர்கள் கதவில் ஒட்டியிருக்கின்றன, போகும்போது குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்து நேராக வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் சங்கமே கொடுக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் நோட்டோடு நிற்கும் தோழரிடம் கொடுங்கள்.